கம்பத்து மெஷினில் இன்னும் சப்தமி

கவிதா, செந்தில், ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அப்பா இதை எழுதுகிறேன்.

கவிதா, போன தீபாவளிக்கு வந்திருந்தபோது நீ சாப்பாட்டு மேசையிலேயே லேப்டாப்பைத் திறந்து வைத்து ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். கருப்புத் திரை. அதில் நீ ஒரு வரி அடித்தாய், சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. நீ அதை வாசிக்கவில்லை. அதே வரியை மறுபடி அடித்தாய். மறுபடியும் சிவப்பு. தண்ணீர்ச் செம்பை வைக்க வந்த நான் என்னையறியாமல், "கையை எடு. எந்திரி. வாய்விட்டு வாசி" என்றேன். நீ சிரித்துக்கொண்டே எழுந்து நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாசித்தாய். வாசித்து முடிக்கும் முன்னாலேயே "அட!" என்று உட்கார்ந்து சரி பண்ணிவிட்டாய்.

"யாருப்பா இதைச் சொல்லிக் குடுத்தது? உங்க வேலையைப் பத்தி எழுதிக் குடுங்க. என் டீம்ல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுறேன்" என்றாய்.

எழுதிவிட்டேன். வாசித்துக் காட்டுவதா வேண்டாமா என்பதை முழுக்கப் படித்துவிட்டு நீயே பார்த்துக்கொள்.

என் படிப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். பிளஸ் டூ, டைப்ரைட்டிங் ஹையர். தேனியில் மோட்டார், பைப், மருந்தடிக்கிற தெளிப்பான் விற்கிற கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். தொண்ணூற்றாறில் அங்கே கம்ப்யூட்டர் வாங்கினார்கள். டைப் அடிக்கத் தெரிந்தவனுக்குக் கம்ப்யூட்டரும் வரும் என்று என்னை அதற்கு முன்னால் உட்கார வைத்தார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சென்டரில் கொஞ்ச நாள் படித்தேன். மிச்சமெல்லாம் தப்புப் பண்ணிப் பண்ணிக் கற்றதுதான்.

பிறகு போடி, சின்னமனூர், கம்பம் கிளைகளுக்கும் கம்ப்யூட்டர் போனது. மதுரைக்காரர்கள் பில் போடுகிற புரோகிராமில் ஏதாவது மாற்றினால் பிளாப்பியில் அனுப்புவார்கள். அதை நான் டிபன் பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கிளை கிளையாகப் போவேன். பஸ்ஸில் பாட்டு ஸ்பீக்கருக்குக் கீழே சீட் கிடைத்தால் உட்கார மாட்டேன், நின்றுகொண்டே வருவேன். ஸ்பீக்கரில் இருக்கிற காந்தம் பிளாப்பியைக் கெடுத்துவிடும் என்று பயம். "என்ன முருகேசண்ணே, சீட்டு சுடுதா?" என்று கண்டக்டர் கேலி பண்ணுவார்.

எனக்கு மேலே இருந்தவர் தேவசகாயம் சார். ஆபீஸ் மேனேஜர். அவர் ஒருநாளும் யாரையும் வைததில்லை. வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தப்பு நடந்தால் பின்னால் வந்து நிற்பார். வாயில் கிராம்பு வாசம் வரும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். நாம் நடந்ததைச் சொல்வோம். "அப்புறம்?" என்பார். இன்னும் கொஞ்சம் சொல்வோம். "அப்புறம்?" கடைசியில் நாம் மறைத்து வைத்ததையும் சேர்த்துச் சொல்லி முடித்திருப்போம்.

கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. ஆனால் தப்புச் செய்தி வந்தால் என்ன செய்யணும் என்று ஒரு முறை வைத்திருந்தார். கீபோர்டை விட்டுக் கையை எடுக்கணும். நாற்காலியை விட்டு எழுந்திருக்கணும். திரையில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் சத்தமாக வாசிக்கணும். "உக்காந்திருக்கிறவன் கண்ணு வாசிக்காதுய்யா, தாவும். நின்னு வாசிச்சா நாக்கு ஒவ்வொரு வார்த்தையிலயும் தட்டும்" என்பார். கிளை ஆபரேட்டர்களுக்கும் இதையே சொல்லிக் கொடுக்கச் சொன்னார். நானும் சொல்லிக் கொடுத்தேன்.

ஆனால் எனக்கு அது பெரிய அவமானம். ஆபீஸில் எல்லாரும் பார்க்க எழுந்து நின்று இங்கிலீஷ் வாசிக்கணும். எனக்கோ நாக்கு புரளாது. பில் செக்ஷன் பையன்கள் நான் வாசித்த மாதிரியே டீக்கடையில் வாசித்துக் காட்டுவார்கள். அதனால் சார் சீட்டில் இல்லாத நேரம் நான் வாசிப்பதில்லை. தெரிந்த வார்த்தை ரெண்டைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை ஊகித்துவிடுவேன்.

இனி கம்பம் கிளையைச் சொல்கிறேன். அங்கே ஆபரேட்டர் ஜரினா. பிளஸ் டூ முடித்து டைப்ரைட்டிங் படித்த பிள்ளை. அவர்கள் வீட்டிலிருந்து வேலைக்கு வந்த முதல் பெண். சேர்ந்த புதிதில் ஒரு வாரம் முழுக்க அவளுடைய அத்தா கடைக்கு வந்து, அடுக்கி வைத்த பிவிசி பைப் மேலே உட்கார்ந்து வருகிறவன் போகிறவனையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, கண்ணாடி ரூமுக்குள்ள கம்ப்யூட்டர்ல வேலைன்னா சரி. கவுண்டர்ல நிக்கிற வேலைன்னா எம்மக வரமாட்டா. எப்ப கம்ப்யூட்டர் இல்லையோ அப்ப வேலையும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வைத்த நிபந்தனை அந்த ஒன்றுதான். ஜரினா அதை ஒருநாளும் மறந்ததில்லை. அந்த கம்ப்யூட்டரைத் துடைத்துத் துடைத்து வைப்பாள்.

அங்கே வந்த முதல் சிக்கல் கம்ப்யூட்டரால் வந்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நான் கம்பத்தில் இருந்தபோது, மார்க்கையன்கோட்டையிலிருந்து ஒரு விவசாயி மோட்டார் வாங்க வந்திருந்தார். பில்லைக் கையில் வாங்கினார், பார்த்தார், பாம்பைத் தொட்ட மாதிரி மேசையில் போட்டார்.

"மணி பத்து அம்பத்திரண்டுன்னு அடிச்சிருக்கே. ராகு காலத்துல பொறந்த மோட்டாரு எப்படித்தா ஓடும்? நீயே வச்சுக்க."

கையால் பில் எழுதிய காலத்தில் யாரும் மணி எழுதவில்லை. கம்ப்யூட்டர் வந்துதான் மணி அடிக்க ஆரம்பித்தது. அதை எடுத்துவிடச் சொல்லி மதுரைக்காரர்களைக் கேட்டோம், முடியாது என்றுவிட்டார்கள். அப்போதுதான் நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். கருப்புத் திரையைத் திறந்து, நேரத்தை மாற்றுகிற கட்டளையை அடித்து, பத்தே காலுக்குத் திருப்பி, பில் போடச் சொன்னேன். விவசாயி பில்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தம்பி நல்லாப் படிச்ச புள்ள" என்று எனக்குச் சர்பத் வாங்கிக் கொடுத்தார்.

அதோடு நின்றதா? அஷ்டமி, நவமிக்கு என்ன செய்வது என்று ஜரினா கேட்டாள். தேதியை மாற்றுகிற கட்டளையையும் சொல்லிக் கொடுத்தேன். அதில் ஒரு முடிச்சு இருந்தது. கடைசியாகப் போட்ட பில்லின் தேதிக்கு முந்தின தேதியில் அடுத்த பில் போட அந்தப் புரோகிராம் விடாது. ஆகவே அஷ்டமி வந்தால் மெஷினை முந்தின நாள் சப்தமியிலேயே நிறுத்தி வைக்கணும். நவமியும் முடிந்து தசமி வந்தபிறகுதான் தேதியை ஒரேயடியாக முன்னுக்குத் தள்ளணும். இதை நானே கண்டுபிடித்து எல்லாக் கிளைக்கும் போய் வரிசையாகச் சொல்லிக் கொடுத்தேன். தேவசகாயம் சார் கேட்டுவிட்டு, "நமக்கு ராகு கேது கிடையாது. வாங்குறவுகளுக்கு இருக்குல்ல? நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார். ஊரெல்லாம் நான் பெரிய ஆள். உண்மையாகவே அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

பத்து வருஷம் அப்படியே ஓடியது. கிளைகளில் அது சாணி தெளித்துக் கோலம் போடுகிற மாதிரி அன்றாட வேலையாகிவிட்டது. நான் மறந்தே போனேன்.

ரெண்டாயிரத்து எட்டில் பிராட்பேண்ட் வந்தது. கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்த சின்ன முதலாளி நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார். இனி யாரும் பஸ்ஸில் அலைய வேண்டாம், தேனியில் உட்கார்ந்து ஒரு வரி அடித்தால் புது புரோகிராம் எல்லாக் கிளைக்கும் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று ஒரு ஏற்பாடு வாங்கினார்கள். ஆபீஸில் அதற்குத் 'தபால்காரர்' என்று பேர் வைத்தோம். அது வேலை செய்ய, ஒவ்வொரு கிளை கம்ப்யூட்டரிலும் முதலில் கருப்புத் திரையைத் திறந்து ஒரு நீள வரியை அடித்து, தபால்காரரைக் குடிவைக்க வேண்டும். தேனியில் அன்று காலை ஒரு சாவி தயார் பண்ணி அந்தக் கிளைக்கு அனுப்புவோம். சாவி என்றால் இரும்பில்லை, அதுவும் ஒரு ஃபைல்தான். தலைமை ஆபீஸ் அனுப்புவதை நம்பலாம் என்று கிளை மெஷினுக்குச் சொல்கிற அத்தாட்சி.

சின்ன முதலாளி ஒரு கண்டிஷன் போட்டார். "எந்தக் கிளையில இது ஏறலையோ அங்கன கம்ப்யூட்டரே வேண்டாம். தூக்கிட்டு வந்துருங்க. பில்லைத் தேனியிலயே போட்டுக்கலாம்."

கம்பத்துக்கு இந்தச் செய்தி எப்படியோ போய்விட்டது. ஜரினா போன் பண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அண்ணே, நம்ம மெஷின்ல ஏறிரும்ல?"

"நான் இருக்கேன்ல தங்கச்சி" என்றேன்.

மதுரையில் ஒரு நாள் பயிற்சி. எல்லாரும் இன்ஜினியரிங் படித்த பிள்ளைகள். அங்கே கொடுத்த தாளில் இருந்ததை நான் ஒரு எழுத்து விடாமல் அடித்தேன். வரவில்லை. மறுபடி அடித்தேன். பிரபு என்ற இளம் இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, "சார், முன்னாடி இருக்கிற 'சி கோலன்' எல்லாம் நீங்க அடிக்கக் கூடாது. அதை மெஷினே போட்டுக்கும்" என்றார். தாளில் அச்சாகியிருந்த திரையின் வாசல் குறியையும் சேர்த்து அடித்திருக்கிறேன். பத்து வருஷமாக அந்தக் குறியைத் தினமும் பார்த்தவன் நான். பயத்தில் கை என் பேச்சைக் கேட்கவில்லை. பின்னால் ஒரு பெண் பிள்ளை வாயைப் பொத்திச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. இனி இந்தப் பிள்ளைகள் முன்னால் எதையும் கேட்கக் கூடாது, வாசிக்கக் கூடாது என்று அன்றே முடிவு பண்ணினேன். அந்த முடிவுக்கு விலை கொடுத்தது நான் இல்லை.

கிளை வேலை ஆரம்பமானது. போடியில் வரியை அடித்தால் 'அப்படி ஒரு கட்டளை உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை' என்று வந்தது. கருப்புத் திரையிடம் ஒரு பேரைச் சொன்னால் எந்தெந்தத் தெருவில், அதாவது எந்தெந்தப் போல்டரில், போய்த் தேடணும் என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. தபால்காரர் குடியிருந்த தெரு அந்த வரிசையில் இல்லை. தெருவைச் சேர்த்தேன். அப்போதும் அதே பதில். பாதி நாள் மண்டையை உடைத்தபிறகுதான், திறந்திருக்கிற திரை பழைய வரிசையையே பிடித்துக்கொண்டிருக்கும், மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கணும் என்று புரிந்தது. சின்னமனூரில் வேறு மாதிரி. போல்டர் பேருக்கு நடுவில் ஒரு இடைவெளி இருந்ததால் மெஷின் அந்தப் பேரைப் பாதியில் வெட்டிக்கொண்டது. ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டதும் ஏறிவிட்டது. ரெண்டும் ஜெயம். எனக்குத் திமிர் கொஞ்சம் கூடியிருந்தது.

கடைசியாகக் கம்பம். நவமி அன்று வைத்துக்கொள்ளலாம் என்றார் தேவசகாயம் சார். அன்றைக்குத்தான் கடையில் கூட்டம் இருக்காது. நாள் பார்த்தது அவர். தலையாட்டியது நான். ரெண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

நான் தேனியில். பக்கத்தில் பிரபு, மதுரையிலிருந்து வந்து ஒப்புதல் கொடுக்க உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அவர் கிளம்புவதற்குள் முடிக்கணும். ஜரினா கம்பத்தில், போனில். நான் எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள்.

"அண்ணே, என்னமோ வந்திருக்கு. எந்திரிச்சு வாசிக்கவா?"

அவள் எங்கள் முறையை மறக்கவில்லை. என் பக்கத்தில் பிரபு இருந்தார். அவர் முன்னால் ஒரு தப்புச் செய்தியை வைத்துக்கொண்டு நான் முழிக்க வேண்டாம் என்று, "வாசிக்கல்லாம் வேணாம். கடைசி வார்த்தை என்ன, அதை மட்டும் சொல்லு" என்றேன்.

"நாட் யெட் வேலிட்."

செல்லாது என்கிறது, இன்னும் என்கிறது. சரி, சாவி இன்னும் போய்ச் சேரவில்லை போல, நேரமானால் செல்லுபடியாகும் என்று நானாக முடிவு கட்டினேன். "கொஞ்சம் பொறும்மா. தானா சரியாகும்" என்றேன். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி அடிக்கச் சொன்னேன். அதே செய்தி. சாப்பிட்டுவிட்டு வந்து அடிக்கச் சொன்னேன். அதே செய்தி. பிரபு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், மத்த ரெண்டும் ஓடுது. கம்பத்தை விட்டுரலாம். என்ன பிரச்சினைன்னு எழுதிக்கட்டும்?"

அந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி கெட்டது. என் மேல் வரக்கூடாது என்று, போனை வாயருகே வைத்துக்கொண்டே, அவருக்கும் கேட்கட்டும் என்று கத்தினேன்.

"ஏம்மா, சொல்றதைப் பார்த்து அடிக்கத் தெரியலையா? ஒரு வரி அடிக்கத் துப்பில்லாத உனக்கெல்லாம் எதுக்கு கம்ப்யூட்டரு?"

பிறகு, "மறுபடி அடிக்கிறேண்ணே" என்றாள். குரல் மாறியிருந்தது.

கிராம்பு வாசம் வந்தது. தேவசகாயம் சார் பின்னால் நின்றிருந்தார். எப்போதிலிருந்து நின்றார் என்று தெரியாது. எட்டி ஸ்பீக்கர் பட்டனை அழுத்தினார்.

"அம்மா ஜரினா, நான்தான். கையை எடுத்துட்டு எந்திரி. முழுசா வாசி."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவள் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். என் நாக்கை விட அவள் நாக்கு நன்றாகப் புரண்டது. இந்த மெஷின் சாவியை ஏற்கவில்லை, சாவி இன்ன தேதியிலிருந்துதான் செல்லும், ஆகவே இப்போது செல்லாது என்று முழுக் காரணமும் அந்த வரியில் இருந்தது. தேதியோடு இருந்தது.

"சாவி பொறந்தது இன்னைக்குக் காலையில" என்றார் சார். "உன் மெஷினு அது இன்னும் பொறக்கவே இல்லைங்குது. ஏம்மா, உங்க ஊர்ல இன்னைக்கு என்ன தேதி?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"எந்தத் தேதி சார்? காலண்டர்லயா, மெஷின்லயா?"

பிரபு நிமிர்ந்து பார்த்தார்.

"மெஷின்ல."

"மெஷின்ல இன்னும் சப்தமி சார்."

பிரபு அடக்க முடியாமல் சிரித்தார். "யாரும்மா உங்களுக்கு இப்படிப் பழக்கினது?"

"முருகேசண்ணன்தான் சொல்லிக் குடுத்தாக. ரொம்ப வருஷமாச்சு. தேவசகாயம் சாரும் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாக."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. காட்டிக்கொடுக்கிற மாதிரியும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். ஆபீஸ் முழுக்க என்னைப் பார்த்தது. சார் கண்ணாடியைத் துடைத்தார். இந்தத் தடவை "அப்புறம்?" என்று கேட்கவில்லை.

"இப்பவே தேதியை மாத்து தங்கச்சி" என்றேன் மெதுவாக.

"இப்ப முடியாதுண்ணே. ஒரு பெரியவரு மோட்டாருக்கு நிக்கிறாக. அவுகளுக்குச் சப்தமி பில்லு வேணுமாம்."

ஸ்பீக்கரில் ஒரு கிழட்டுக் குரல் குறுக்கே வந்தது. "ஏத்தா, பில்லைக் குடுத்துட்டு அப்புறமா உலகத்தோட பேசு. நவமியில ஒரு நட்டுக் கூட நான் வாங்கமாட்டேன்."

"நீரு வந்திருக்கிறதே நவமியிலதானய்யா" என்று கிளை மேனேஜர் சொல்வது கேட்டது.

"வந்தது இன்னைக்கு. வாங்குனது முந்தாநேத்து. வெளங்குதா?"

இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. பில் பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. பெரியவர் போனபிறகு ஜரினா தேதியை நவமிக்குக் கொண்டுவந்தாள். வரியை அடித்தாள். ஏறிவிட்டது.

"அண்ணே! தபால்காரர் வந்துட்டாரு! ஓகேன்னு வந்திருக்குண்ணே! வாசிக்கவா?" என்று கத்தினாள். நான் திட்டியது அவள் குரலில் எங்கேயும் இல்லை. மன்னிப்புக் கேட்க அதுதான் நேரம். ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று நான் கேட்கவில்லை. அப்புறம் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கம்பத்தில் கம்ப்யூட்டர் நிலைத்துவிட்டது. அவள் வேலையும் நிலைத்தது என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் சின்ன முதலாளி என்னையும் சாரையும் ரூமுக்குக் கூப்பிட்டார். பிரபு அவரிடம் போனில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். வேடிக்கைக் கதையாகத்தான் சொல்லியிருப்பார், அந்தப் பிள்ளை மேல் எனக்கு வருத்தமில்லை.

"பில் தேதியை மாத்துற ஆளு நாளைக்கு வேற எதை மாத்தும்? கம்பத்துல அந்தப் பொண்ணு வேண்டாம். கவுண்டர் பையனே பில்லும் போடட்டும்" என்றார்.

தேவசகாயம் சார் நின்றுகொண்டே சொன்னார். "சொல்லிக் குடுத்தது முருகேசன். சரின்னது நானு. அது சொன்னதைத்தான் செஞ்சுச்சு."

"அப்ப மூணு பேரையும் அனுப்பிரட்டுமா சார்?" என்று அவர் சிரித்தார். "நீங்க ரெண்டு பேரும் இல்லாட்டி ஆபீஸ் நின்னு போயிரும். உங்க தப்பு வேற, அது வேற. என்ன முருகேசன், நான் சொல்றது சரிதான?"

சார் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் அவருக்குப் பேச இன்னொரு கை பலம் கிடைத்திருக்கும். நான் தலையை ஆட்டினேன். சரி என்பதற்கு ஆட்டுகிற மாதிரிதான்.

உங்கள் படிப்புக்காக, வீட்டுக்காக என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். சொல்ல மாட்டேன். அந்த நிமிஷம் உங்கள் ரெண்டு பேர் ஞாபகமும் எனக்கு வரவில்லை. அந்த ரூமை விட்டு வெளியே போனால் போதும் என்று மட்டும்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் எனக்கு உத்தரவு வந்தது. ஜரினாவிடம் கிளை மேனேஜர் சாயங்காலம் சொல்லிக்கொள்வார், அதற்கு முன்னால் அவள் பேரை மெஷினிலிருந்து எடுத்துவிடணும், கோபத்தில் எதையாவது அழித்துவிடக் கூடாதில்லையா என்றார்கள். கம்பத்துக்குப் போக வேண்டியதில்லை. அதற்குத்தான் தபால்காரர் இருக்கிறாரே. நானும் அவளுமாகக் குடிவைத்த தபால்காரர் வழியாகக் கம்பத்துக்குப் போன முதல் தபால், அவள் பேரை எடுக்கிற கட்டளை. தப்பில்லாமல் அடித்தேன். மேற்கோள் குறி எல்லாம் சரியாகப் போட்டேன். ஓகே என்று வந்தது.

டீக்கு எழுந்திருக்கலாம் என்று நினைத்தபோது போன் அடித்தது.

"அண்ணே, ஜரினா பேசுறேன். காலையில மெஷினைப் போட்டா உள்ள விடமாட்டேங்குது. என்னமோ வந்திருக்கு. கையை எடுத்துட்டேன். எந்திரிச்சு நிக்கிறேண்ணே. வாசிக்கவா?"

அவள் வாசிக்க ஆரம்பித்தாள். நிறுத்தி நிறுத்தி, ஒரு எழுத்து விடாமல், போன வாரம் போலவே. இந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை என்று அந்த வரி சொல்லியது. அந்தப் பேரையும் சேர்த்து வாசித்தாள். இசட், ஏ, ஆர், ஐ, என், ஏ.

"எதை மாத்தணும்ணே?"

கிராம்பு வாசம் வருகிறதா என்று திரும்பிப் பார்த்தேன். சார் சீட்டில் இல்லை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"தேதி சரியா இருக்கான்னு பாரும்மா" என்றேன்.

குனிந்து திரை மூலையைப் பார்த்திருப்பாள்.

"பார்த்துட்டேண்ணே" என்றாள். "சரியாத்தான் இருக்கு. இன்னைக்குத் தேதிதான்."